வெடிக்காத தோட்டாவுக்கு ஒரு திட்டு

“டமார்! டமார்! டமார்!”

மூன்று இரும்புத் தட்டுகள் வரிசையாக விழுந்தன. நான்காவதற்கு ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

லோர்னா ரிவால்வரைத் தட்டுகளை விட்டு அகற்றாமல், தலையை மட்டும் திருப்பினாள்.

“ஆர்விட்! இது தோட்டாவா, பெப்பர்மின்ட் மிட்டாயா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அமெரிக்காவின் மொன்டானாவில், ஒரு சிற்றூர்த் துப்பாக்கி கிளப்பின் வருடக் கடைசிப் போட்டி. லோர்னா சுடும் தோட்டாக்களை வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்து தருபவர் அவள் கணவர் ஆர்விட்.

“என் தப்புதான் கண்ணு,” என்றார் ஆர்விட். “பிரைமரைச் சரியா அழுத்தி உட்கார வைக்கலை போலிருக்கு.”

“போலிருக்கா? கல்யாணத்துக்கு மோதிரத்தை மறந்துட்டு வந்த ஆளாச்சே! உன் தோட்டாவை நம்பி வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

பிரைமர் என்பது தோட்டாவின் அடியில் இருக்கும் சின்ன மூடி. துப்பாக்கியின் ஊசி அதை ஓங்கிக் குத்தினால்தான் உள்ளே வெடிமருந்து பற்றும்.

போட்டிக்கு நேரம் குறிக்கக் கடிகாரத்துடன் நின்ற மெர்லுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன வாய் இந்தப் பொம்பளைக்கு! வாராவாரம் இதே கூத்து. அந்த மனுஷன் ஒருநாள்கூடத் திருப்பிப் பேசியதில்லை.

கடைசிச் சுற்று மட்டும் பாக்கி. அதில் ஆறு தோட்டாவும் வெடித்து ஆறு தட்டும் விழுந்தால் கோப்பை லோர்னாவுக்கு. ரிவால்வரைக் காலி செய்து கணவரிடம் கொடுத்துவிட்டு அவள் காபி குடிக்கப் போனாள்.

மெர்ல் அந்த வெடிக்காத தோட்டாவை எடுத்துப் பார்த்தார். பிரைமரில் கொசு கடித்த மாதிரி லேசாக ஒரு குழி. விரலால் தடவினார். பிரைமர் கச்சிதமாக உள்ளே உட்கார்ந்திருந்தது.

“ஆர்விட், பிரைமர் சரியாத்தானேய்யா இருக்கு?”

“இல்ல மெர்ல், தப்பு என்னோடதுதான். விடு.”

மெர்ல் விடுகிற ஆளா? ஆர்விட்டின் தோட்டாக்களில் ஆறை எடுத்துத் தன் ரிவால்வரில் போட்டுச் சுட்டார். ஆறும் வெடித்தன. அந்த வெடிக்காததையும் போட்டார். அதுவும் வெடித்தது.

“அப்போ கோளாறு துப்பாக்கியிலதான். கொண்டா இப்படி.”

கைப்பிடியின் முன்பக்கம், ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடிக்கும் ஸ்க்ரூ நன்றாகவே வெளியே வந்திருந்தது.

“இதோ, இதுதான்! ஸ்பிரிங்ல பலமே இல்லை, ஊசி எப்படிக் குத்தும்? ஒரு நிமிஷம், இறுக்கிடறேன்.”

ஆர்விட் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம்ப்பா. இறுக்கினா அவளால விசையை இழுக்க முடியாது. விரல் மூட்டெல்லாம் போச்சு.”

“அப்போ நீயேதான்...”

“நான்தான் தளர்த்தினேன். போன வருஷம் ஒருநாள் இழுக்க முடியாம, ‘இதை வித்துடு, நான் இனிமே வரலை’ன்னுட்டா. ஒரு வாரம் சோறு தண்ணி இல்லை. சும்மா எண்ணெய் விட்டேன்னு சொல்லி இதைக் கையில கொடுத்தேன். ‘பாத்தியா, என் விரலுக்கு ஒண்ணுமில்லை, துப்பாக்கிதான் மக்கர்’னு ஒரே குதி!”

“அதுக்காக ஊர் முன்னாடி இப்படித் திட்டு வாங்கணுமா?”

“வாங்கினா என்ன? ஞாயித்துக்கிழமையானா எனக்கு முன்னாடி வண்டியில ஏறி உட்கார்ந்துடறாளே.”

மெர்ல் ஸ்க்ரூவைத் தொடாமல் ரிவால்வரைத் திருப்பிக் கொடுத்தார்.

“மிருதுவான பிரைமர் போட்டா லேசாத் தட்டினாலே பத்திக்குமேய்யா?”

“தெரியாமலா? எந்தக் கடையில கிடைக்குது?”

“என் அலமாரியில ஒரு பெட்டி கிடக்கு. சாயங்காலம் வந்து எடுத்துட்டுப் போ.”

கடைசிச் சுற்றில் ஐந்து தட்டுகள் விழுந்தன. ஆறாவதற்கு ‘க்ளிக்’. கோப்பை பக்கத்து ஊர்க்காரருக்குப் போனது.

“அடுத்த வாரம் மருந்துக்குப் பதிலா பட்டாணியை நிரப்பிக் கொடு ஆர்விட்! சூப்பாவது வைக்கலாம்!”

மறுபடியும் சிரிப்பு. ஆர்விட் தலையைச் சொறிந்துகொண்டு, கீழே சிதறிக் கிடந்த காலித் தோட்டாக்களைப் பொறுக்கப் போனார்.

மெர்லுக்குப் பொறுக்கவில்லை. லோர்னாவைத் தனியே கூப்பிட்டார்.

“லோர்னா, நீங்க செய்யறது நல்லா இல்லை. அவரோட தோட்டாவை என் ரிவால்வர்ல சுட்டுப் பார்த்தேன். ஒண்ணுகூடப் பழுதில்லை. அந்த மனுஷன் உங்களுக்காக...”

உளறிவிட்டோமோ என்று சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆர்விட் தூரத்தில்தான் இருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, லோர்னா குரலைத் தாழ்த்தினாள்.

“ஸ்க்ரூவைப் பார்த்துட்டீங்களா?”

மெர்ல் தலையாட்டினார்.

“துப்பாக்கியைத் துடைச்சு வைக்கறேன்னு அவர் வாயாலதான் சொல்வார். வாராவாரம் துடைக்கறவ நான். என் கண்ணுல படாம போயிடுமா?”

“தெரிஞ்சுமா எல்லார் முன்னாடியும் அவரை இந்தத் திட்டு திட்டறீங்க?”

லோர்னா வீங்கிய விரல்களை நீவி விட்டுக்கொண்டே சிரித்தாள்.

“திட்டறதை நிறுத்தினா அன்னிக்கே அந்த மனுஷனுக்குப் புரிஞ்சுடும் மெர்ல், என் விரல் போயிடுச்சுன்னு எனக்கும் தெரியும்னு.”