ஆர்லோவின் தோட்டா மெஷின்

“இது மெஷின் இல்ல மேடம், கூட்டுக் குடும்பம். ஒருத்தனைத் தொட்டா மத்தவனெல்லாம் கோவிச்சுக்குவான்” என்றார் ஹியூஸ்பி, குனிந்தபடியே.

லவோன் சிரிக்கவில்லை. நிலவறைப் படியில் உட்கார்ந்து, கையிலிருந்த துண்டைப் பிசைந்துகொண்டிருந்தாள். வீட்டிலேயே துப்பாக்கித் தோட்டா செய்யும் இந்த மாதிரி மெஷின்களைப் பழுதுபார்ப்பதில் ஹியூஸ்பி கெட்டிக்காரர் என்று யாரோ சொல்ல, முன்பின் தெரியாத அவரை அடுத்த மாவட்டத்திலிருந்து போன் போட்டு வரவழைத்திருந்தாள்.

லீவரை ஒரு தடவை இழுத்தால் காலித் தோட்டாக் கூடுகள் நிற்கும் தட்டு நகரும். ஒரு கூட்டின் அடியில் தீப்பொறி தரும் கேப் ஏறும், அடுத்ததில் வெடிமருந்து விழும், அதற்கடுத்ததில் தக்கை, பிறகு ஈயக் குண்டுகள், கடைசியில் வாய் மடியும். எல்லாம் ஒரே இழுப்பில். மெஷின் சரியாக இருந்தால் இழுப்புக்கு ஒரு தோட்டா. இல்லாவிட்டால் இழுப்புக்கு ஒரு குப்பை. லவோன் காலையிலிருந்து குப்பை தயாரித்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்குக் காட்டுக்கோழி வேட்டை சீசன் ஆரம்பம். தோட்டாவைக் கடையில வாங்கிட வேண்டியதுதானே?” என்றார் ஹியூஸ்பி.

“கூடாது. இந்த மெஷின்ல போட்டதுதான் வேணும். என் வீட்டுக்காரர் ஆர்லோவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். பசங்க, மருமகன், அவரோட கூட்டாளிங்க எல்லாரும் நாளைக்கு வயல்ல நிப்பாங்க. ஆளுக்கு ஒண்ணாவது கையில குடுத்தாகணும்.”

“அப்ப ஆர்லோவையே கூப்பிடுங்க. வச்சிருக்கறவருக்குத்தான் இதோட குணம் தெரியும்.”

“அவரால படி இறங்க முடியாது.”

“முட்டியா? எனக்கும் அதேதான்.” ஹியூஸ்பி ஒரு திருகை அரைச் சுற்று தளர்த்தினார். “ஆம்பளைங்களே இப்படித்தான் மேடம். வழி தெரியலைன்னாலும் கேக்க மாட்டாங்க, மெஷின் ஓடலைன்னாலும் கேக்க மாட்டாங்க. பொண்டாட்டியைத்தான் போன் பண்ண விடுவாங்க.”

லீவரை இழுத்தார். கேப் சரியாக உட்கார்ந்தது. மருந்தைத் தராசில் கொட்டிப் பார்த்தார், அதுவும் சரி. ஈயக் குண்டு விழ வேண்டிய இடத்தில் ஒன்றும் விழவில்லை. குழாயை விரலால் தட்டினார். இரண்டு தோட்டாவுக்கானது மொத்தமாகச் சரிந்து, கூட்டை நிரப்பி, மேஜையெல்லாம் சிந்தியது. கூட்டின் வாய் மடியாமல் பிளந்துகொண்டது.

மேலே கவிழ்த்திருந்த பாட்டிலை வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தார். ஈயக் குண்டுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஏதோ பொடி.

“குண்டோட மாவு கலந்திருக்கீங்களா?”

“ஆர்லோ சொன்னபடிதான் கலந்தேன்.”

“குண்டு நசுங்காம இருக்கச் சில பேரு கலப்பாங்கதான். ஆனா அதைக் கரண்டியால அளந்து, ஒவ்வொண்ணா கையால போடணும். குழாய்ல விட்டா இப்படித்தான் கட்டிக்கிட்டு நிக்கும். இதுவும் மட்டமான சரக்கு, நொறுங்காத துணுக்கெல்லாம் கிடக்கு.”

“அப்ப நடக்காதா?” லவோனின் குரல் உடைந்தது. “இத்தனை வருஷத்துல அவர் என்கிட்ட எதுவும் கேட்டதில்ல. கேட்டது இது ஒண்ணுதான். இதைக்கூட என்னால பண்ண முடியலைன்னா நான் எதுக்கு இருக்கேன்?”

துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். தோட்டா மெஷின் முன்னால் அழுதவர்களை ஹியூஸ்பி நிறையப் பார்த்திருக்கிறார். ஆனால் அவர்கள் எல்லோரும் ஆண்கள்.

“மேடம், நீங்க மேல போய்க் காபி போடுங்க” என்றார் சங்கடத்துடன். “நீங்க வரும்போது இது பாட்டுப் பாடும்.”

லவோன் போனாள். நாளை வரப்போகிறவர்களுக்காக அடுப்பில் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வெந்துகொண்டிருந்தன. கீழே எதையோ சலிக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் குழாயில் தண்ணீர் ஓடியது. பிறகு அமைதி.

அதன்பின் லீவர் அசையத் தொடங்கியது. தடங்கலில்லாமல், ஒரே சீராக. ஆர்லோ இழுப்பதுபோலவே. லவோன் அடுப்படியில் நின்று கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கோடைக்குப் பிறகு அவள் ஒழுங்காக மூச்சுவிட்டது அப்போதுதான்.

காபியோடு இறங்கியபோது மேஜைமேல் தோட்டாக்கள் வரிசையாக நின்றன. ஒன்றிலும் பிசிறில்லை.

“எடை போட்டுப் பாருங்க” என்றார் ஹியூஸ்பி பெருமையாக. “ஒண்ணுக்கொண்ணு இரட்டைப் பிள்ளை.”

லவோன் ஒன்றை எடுத்து இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டாள். “எல்லாத்துலயும் இருக்கா? கொஞ்சம் கொஞ்சமாவது?”

“எது?”

“அந்தப் பொடி.”

“அதுதானே மேடம் வினையே” என்றார் அவர், காபியை வாங்கிக்கொண்டு. “குண்டைச் சலிச்சு வாளியில வச்சிட்டேன், அது வீணாகல. அலமாரியில இருந்த புதுக் குண்டைப் போட்டேன். பொடியை இந்தக் கைகழுவுற தொட்டியில கொட்டிட்டேன். பயப்படாதீங்க, அடைச்சுக்காது. சுடுதண்ணி நிறைய விட்டிருக்கேன். ஆர்லோ கேட்டா என் பேரைச் சொல்லுங்க, என்னைத் திட்டிக்கட்டும்.”

லவோன் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். துப்புரவாகக் கழுவியிருந்தார்.

“சீசன் முதல் நாள், எல்லார் துப்பாக்கியில இருந்தும் அந்த வயல் மேல ஒரு தடவை பறக்கணும்னு கேட்டிருந்தார்” என்றாள், தொட்டியைப் பார்த்தபடியே. “ஜூன் மாசம் தகனம் பண்ணி ஒரு டப்பாவுல குடுத்தாங்க. நீங்க கொட்டினது ஆர்லோ.”