பெயர் வரும்வரை

பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் இருந்த பெண் என் மகளிடம் பெயர் கேட்டாள்.

மகளுக்கு முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. போன வருடத்திலிருந்து இப்படித்தான். உதடு ஒட்டிக்கொள்ளும், கண் படபடக்கும்.

"என்ன பாப்பா, பேரு மறந்துபோச்சா?"

காத்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். மகள் என் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

பெயரை நானே சொல்லிவிட வாயெடுத்தேன். என் கணவர் கையமர்த்தினார்.

பேச்சில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கடையில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கிறவர். ஃபிரிட்ஜை 'உங்க வீட்டுப் பனிமலை' என்பார். வந்தவர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார். இந்தப் பெண்ணுக்கு நன்றாகக் கொடுக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"மறக்கலைங்க. வ... வ... வர்றதுக்குக் கொஞ்ச நேரமாகும்."

பெற்ற பிள்ளையையே கேலி செய்கிறாரா? பின்னாலிருந்து கிள்ளினேன்.

அவர் திரும்பவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. காதோரம் வியர்வை வழிந்தது. நடிக்கிறவருக்கு இப்படி வியர்க்காது.

"எ... எ... எனக்கும் அப்படித்தான்."

மகள் வெளியே வந்தாள். அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், தன் பெயரைத் துண்டு துண்டாகச் சொல்லி முடித்தாள். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டாள்.

டாக்டரிடம் பல்லைக் காட்டிவிட்டு மாடிப்படி இறங்கும்போது என் கணவரே சொன்னார். சின்ன வயதிலிருந்தே திக்குமாம். ஒரு சொல் தகராறு செய்தால் சட்டென்று வேறொன்றைப் பிடித்துக்கொள்வாராம். பனிமலைகூட அப்படி வந்ததுதானாம். மகளுக்கு ஆரம்பித்தபோதும் சொல்ல வாய் வரவில்லையாம். மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் திக்கலைவிடப் பெரிதாம்.

"அப்பாடா," என்றார், திக்காமல். தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து இவர் என்னைப் பெயர் சொல்லாமல் 'மேடம்' என்றுதான் கூப்பிடுகிறார். செல்லமாக்கும் என்று நினைத்திருந்தேன். என் தோழிகளுக்கு அதில் பொறாமைகூட உண்டு.

படியிலேயே நின்று அவர் முகத்தைப் பார்த்தேன். புரிந்துகொண்டு வாயைத் திறந்தார்.

முதல் எழுத்திலேயே நின்றது.

மேலே ஏறி வந்தவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டுவிட்டு, நானும் மகளும் காத்திருந்தோம்.

வந்தது.