மூன்று எழுத்து லினன்

"பிங்க் ரிப்பன், பச்சை ரிப்பன் எல்லாம் வேண்டாம். அது நேத்து பணம் பார்த்தவங்க போடுற பரம்பரைப் பணக்கார வேஷம்," என்றாள் சில்வியா. "நம்ம மாதிரி பழைய குடும்பத்துக் கல்யாணத்துல எதுவும் புதுசாத் தெரியக் கூடாது."

"பிரெஸ்காட் அவங்கப்பாவோட பழைய பிளேசரைத்தான் போடப்போறான். முழங்கையே தேஞ்சு போச்சு," என்றாள் மணப்பெண்ணான மகள் ஸ்லோன்.

"நாலு தலைமுறையா அப்பா பேரையே பையனுக்கும் வைக்கிற குடும்பம், பிளேசரையா மாத்தும்?"

கனெக்டிகட் கடற்கரை வீட்டின் பரணிலிருந்து இறக்கிய மரப்பெட்டியைச் சில்வியா திறந்தாள். விருந்தில் மடியில் விரிக்கும் வெள்ளை லினன் துணிகள். ஒவ்வொன்றிலும் நீல நூலில் மூன்று எழுத்துகள்: மணமகளின் எஸ், மணமகனின் பி, நடுவில் பெரிதாக, மணமகனின் லௌடன் குடும்பத்தின் எல்.

ஸ்லோன் ஒன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "எப்படிம்மா நெஜமாவே பழசு மாதிரி செய்ய வச்ச?"

மடிப்பைப் பிரித்தாள். மூலையில் பொடியாகத் தேதி தைத்திருந்தது. ஜூன் 15, 1991.

"அம்மா, அப்ப நான் பொறக்கவே இல்லையே."

"நான் இருந்தேன். எஸ்ஸுன்னா சில்வியா. பி-ன்னா, உனக்கு மாமனாரா வரப்போற பெரிய பிரெஸ்காட். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மனசு மாறிட்டார்."

ஸ்லோனின் கையிலிருந்து துணி நழுவியது. "அப்ப, எனக்கு எஸ்ஸுல பேர் வச்சது..."

"இதுக்குத்தான். அந்தப் பையன் போற படகு கிளப்புல பன்னெண்டு வயசுல உன்னைச் சேர்த்ததும் இதுக்குத்தான்." சில்வியா துணியை எடுத்து உதறி, பழைய மடிப்பிலேயே மடித்தாள். "நல்ல லினனை வீணாக்குற பழக்கம் நம்ம வீட்ல கிடையாது."