சூரியனுக்கு அரை நாள் லீவு

"மோட்டார் இழுக்காதும்மா. வெயில் இறங்கிடுச்சு. எதிர் மில்லுக்குப் போங்க."

கோதுமைப் பையோடு வந்த பெண் அண்ணாந்து பார்த்தாள். கண் கூசியது. மாவு மில்காரரை ஒரு முறை முறைத்துவிட்டு, சாலையைக் கடந்து டீசல் மில் வரிசையில் போய் நின்றாள்.

மில்காரர் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு மூட்டைமேல் சாய்ந்தார். இந்த வாரம் முழுக்க இதே கதைதான்.

டீசல் இன்ஜின் சத்தத்தையும் மீறி எதிர் மில் அம்மாவின் குரல் வந்தது.

"என்ன முதலாளி, லீவு சூரியனுக்கா, உங்களுக்கா? அந்த பேனல் மட்டும் என் கூரையில இருந்தா நிலா வெளிச்சத்துலகூட ஓட்டுவேன்!"

வரிசையே சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவே பைக்கில் வந்து இறங்கினான் மச்சான். மில்காரர் மனைவியின் தம்பி. சோலார் பேனல் விற்பவன். இந்தக் கூரையில் மாட்டியதும் அவன்தான்.

"மாமா, தையல் கடைக்காரர் ஆர்டரை கேன்சல் பண்ணிட்டார். 'உங்க மாமா மில்லே மத்தியானம் படுத்துடுதாமே'ங்கறார். நான் என்ன பதில் சொல்ல?"



மச்சான் விறுவிறுவென்று கூரை ஏறினான். ஒயரை இழுத்துப் பார்த்தான். இறங்கி வந்து மீட்டரைப் பார்த்தான். முகம் சிவந்தது.

"கரண்ட் கொட்டுது மாமா! டீசல் செலவு இல்லைன்னு ரேட்டைக் குறைச்சீங்க, ஊரே உங்ககிட்ட வந்துச்சு. இப்ப ஒரு குட்டித் தூக்கத்துக்காக வந்தவங்களை விரட்டி, என் பொழப்புலயும் மண்ணள்ளிப் போடறீங்களே! அக்காகிட்ட சொல்லட்டுமா?"

"ஷ்ஷ்... மெதுவா."

மில்காரர் தூங்கவில்லை. கதவிடுக்கு வழியாக எதிர்ப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர் மில் வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க இறங்கியவர் வரிசையைப் பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்தார், போனில் படம் எடுத்தார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கிளம்பினார்.

"அப்பாடா!" மில்காரர் துள்ளி எழுந்தார். "சுவிட்சைப் போடு மச்சான். இனி பொழுது சாயற வரைக்கும் அரைக்கலாம்."

"யார் மாமா அது?"

"பேங்க்காரர். அந்தம்மா லோன் கேட்டிருக்காங்க. மில் ஓடுதான்னு இந்த வாரம் ஒரு மத்தியானம் வந்து பாக்கறதா சொல்லியிருந்தார். நான் பேங்க்ல நிக்கறப்போ காதுல விழுந்துச்சு. எங்க ஓடும்? நான் ரேட்டைக் குறைச்ச அன்னிக்கே அங்க ஈ ஓட்ட ஆரம்பிச்சாச்சு. காலி மில்லுக்கு எவன் கடன் குடுப்பான்?"

"அவங்களுக்கு இது தெரியுமா?"

"தெரிஞ்சா அந்த வாய் தாங்குமா? விடு. தையல் கடைக்கு நானே வந்து சொல்றேன், பேனல் படுக்கலை, நான்தான் படுத்தேன்னு."

மச்சானுக்கு இன்னும் ஆறவில்லை.

"எல்லாம் சரி மாமா. போட்டிக்காரங்களுக்கு லோன் வாங்கிக் குடுக்க என் வியாபாரம்தானா கிடைச்சுது?"

மில்காரர் சிரித்துக்கொண்டே மோட்டார் பெல்ட்டை மாட்டினார்.

"லோன் எதுக்குன்னு கேட்டியாடா? உன்கிட்ட பேனல் வாங்கத்தான்!"