நாற்பத்தேழாவது நீலம்

"வலது பக்கம் அணைஞ்சு மூணு நாளாச்சு சார். இனி மறைச்சு என்ன ஆகப்போகுது?"

சொல்லிவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கைப்பேசித் திரைகளுக்கு நீல ஒளி தரும் மூலக்கூறுகளை வடிவமைப்பவள். சிவப்பும் பச்சையும் வருடக்கணக்கில் உழைக்கும். நீலம்தான் சீக்கிரம் மங்கிவிடும். மங்காத நீலத்தைத் தேடியே ஆறு வருடம் ஓடிவிட்டது. இது நாற்பத்தேழாவது மூலக்கூறு.

சோதனைச் சில்லு உள்ளங்கையில் பாதி இருக்கும். இடப்பக்கம் கடையில் விற்கும் பழைய நீலம், வலப்பக்கம் அவளுடையது. இரண்டுக்கும் ஒரே அளவு மின்சாரம். வலது இருண்டு கிடக்க, இடது அசராமல் எரிந்துகொண்டிருந்தது.

"இதுதான் கடைசின்னு நீயேதாம்மா சொன்ன" என்றார் ஆய்வக இயக்குநர். அவருக்கும் மனசு வரவில்லை. "அந்தப் பழசு என்னமா எரியுது பாரு."

"வயித்தெரிச்சலா இருக்கு சார். நம்ம பிள்ளை ஃபெயிலாகி, பக்கத்து வீட்டுப் பிள்ளை ஃபர்ஸ்ட் வந்த மாதிரி. அந்தப் பக்கம் நான் பாக்கறதே இல்ல."

திட்டத்தை மூடும் கடிதத்தில் கையெழுத்துப் போட அவர் பேனாவைத் திறந்தபோது, அவள் கணவன் உள்ளே வந்தான். சில்லுகளில் பூச்சு போடுவது அவன் வேலை. பொன்னுக்கு வீங்கி வந்து இரண்டு வாரம் படுத்திருந்தவன், கன்னம் வற்றி இன்றுதான் வேலைக்கு வந்திருந்தான்.

"இதுக்கு யாரு பூச்சு போட்டது?" சில்லைப் பார்த்ததும் கேட்டான்.

"நான்தான். நீங்க எழுதி வெச்சிருந்தபடியே அச்சுப் பிசகாம போட்டேன்."

"பூச்சுப் பெட்டிக்குள்ள சில்லை எப்படி வெச்ச?"

"கவுத்துத்தான். ஆவி கீழேயிருந்துதானே வருது. இடது பக்கம் பழசு, வலது பக்கம் நம்மது."

"சரி. வெளிய எடுத்து நிமித்தின பிறகு, குறிப்பேட்டுல பக்கத்த மாத்தி எழுதினியா?"

"எதுக்கு மாத்தணும்?"

அவன் தன் வலது கையை மேசைமேல் கவிழ்த்து வைத்தான். கட்டைவிரல் இடப்பக்கம் இருந்தது. மெதுவாகக் கையை நிமிர்த்தினான். கட்டைவிரல் வலப்பக்கம் வந்தது.

அவள் சில்லின் இடப்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். இயக்குநர் பேனாவை மூடினார்.

செத்துப்போயிருந்தது கடையில் விற்கும் நீலம். எரிந்துகொண்டிருந்தது அவளுடையது.