ஜீரோ ஃபெயில்

படார்!

மேசை மேல் ஃபைலை ஓங்கி அறைந்தார் துறைத் தலைவர் அன்பரசி. கம்ப்யூட்டர் லேபில் சளசளத்துக்கொண்டிருந்த முப்பது பேரும் கப்சிப்.

"ப்ரோகிராமைத் தப்பா எழுதினது நீ. பழி மட்டும் கம்பைலர் மேலயா?"

எதிரில் நின்ற சுமலதா அசையவில்லை. நேற்றைய செய்முறைத் தேர்வில் அவள் எழுதிய ப்ரோகிராம், லேபில் தப்பான விடை காட்டியது. சாயங்காலம் தோழியின் லேப்டாப்பில் ஓட்டினால் சரியான விடை. நாம் எழுதுவதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரில்தான் கோளாறு என்று அப்போதே நேராக வந்து சொல்லிவிட்டாள். அதற்குத்தான் இந்த விசாரணை.

சித்தேரி மலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்த அவள் அப்பா மாது, கதவை விட்டு உள்ளே வரவே தயங்கினார்.

"மேடத்துகிட்ட மன்னிப்புக் கேட்டுரு பாப்பா. படிப்பு கெட்டுப்போயிரும்."

"தப்பே பண்ணாம எதுக்குப்பா கேக்கணும்?"

அன்பரசிக்கு முகம் சிவந்தது. "பிரவீன்! இங்க வாங்க."

லேப் பொறுப்பாளர் ஆரோக்கிய பிரவீன் லேப்டாப்பும் கையுமாக வந்தார். கம்பைலரின் மூல நிரலை இணையத்திலிருந்து இறக்கி, லேபின் பழைய மெஷின்களில் ஓடத் தோதாக உருவாக்கி, அதாவது பில்ட் செய்து, போட்டவர் அவர்தான்.

"சோதிச்சுப் பாத்துட்டுத்தான போட்டீங்க?"

"பின்ன என்னங்க மேடம்? சோதிக்கறதுக்குன்னே அது கூடவே ஆயிரக்கணக்குல டெஸ்ட் வருது. பில்ட் முடிஞ்ச கையோட அதையும் ஓட்டிட்டேன்."

சுமலதா குறுக்கிட்டாள். "அந்த டெஸ்ட் மணிக்கணக்கா ஓடும்னு அதோட குறிப்புலயே போட்டிருக்குதுங்களே சார்?"

"உங்க வூட்டு மெஷின்ல ஓட்டினா ஓடும். நம்ம சர்வர்ல நான் டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள முடிஞ்சிருச்சு!"

லேபே சிரித்தது. மாது தலையைக் குனிந்துகொண்டார்.

"ரிசல்ட்டைச் சொல்லுங்க" என்றார் அன்பரசி.

"ரிப்போர்ட்ல ஃபெயில் எத்தனைன்னு தேடிப் பாத்தேங்க. ஒண்ணு கூட இல்ல. ஜீரோ."

"காதுல விழுந்துச்சா? ஜீரோ! ரெண்டாவது வருசம் படிக்கற நீ பெரிய மேதாவி, பில்ட் பண்ணவர் முட்டாளு. அப்படித்தான?" வெள்ளைத்தாளை அவள் முன்னால் வீசினார். "பொய் சொன்னேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லைன்னா இந்த வருசம் பரீட்சையே எழுத முடியாது."

மாது அவசரமாகச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

மகள் வாங்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது, குரல் மட்டும் உடையவில்லை.

"அந்த ரிப்போர்ட்டை எல்லாரு முன்னாலயும் முழுசா படிக்கச் சொல்லுங்க மேடம். கேட்டுட்டுக் கையெழுத்துப் போடறேன்."

"திமிரைப் பாரு! பிரவீன், படிங்க. கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கட்டும். இனிமே எவளும் இப்படிப் பேசக் கூடாது."

பிரவீன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு உரக்க ஆரம்பித்தார். "ஃபெயில்... ஜீரோ."

அன்பரசி வெற்றியோடு மாதுவைப் பார்த்தார். "ம், மேல படிங்க."

பிரவீன் திரையை மேலே தள்ளினார், கீழே தள்ளினார். நெற்றியைத் துடைத்தார்.

"என்ன பிரவீன், எழுத்துக் கூட்டியா படிக்கறீங்க? சத்தமா!"

"பாஸும் ஜீரோதாங்க மேடம்... ஒரு டெஸ்ட் கூட ஓடவே இல்லீங்க."