ஒரு சாண் இடப்பக்கம்

எழுதிப் பழகாத கை இது. இந்தச் சிறு சம்பவத்தைச் சொல்லத் துணிந்தமைக்கும், தங்கள் நேரத்தில் சில நிமிடங்களை எடுத்துக்கொள்வதற்கும் வாசகப் பெருமக்கள் அன்புகூர்ந்து பொறுத்தருள வேண்டுகிறேன்.

வேட்டைத் துவக்கைக் கையில் வாங்கியதும் கிருபனுக்கு உள்ளங்கை வியர்த்தது. மூச்சு விட்டால் வாயிலிருந்து புகை வருகிற ஐப்பசிக் குளிரில், அவனுக்கு மட்டும் வியர்த்தது.

“உது கடிக்காது, தம்பி. கைக்குழந்தையைத் தூக்கிற மாதிரிப் பிடியும்,” என்றார் அமிர்தநாதர்.

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வடக்கே முக்கால் மணி நேர ஓட்டத்தில் இருந்தது அவருடைய பண்ணை. ஊர்க்கோழி வளர்த்துத் தமிழ்க் கடைகளுக்குக் கொடுப்பவர். பத்து நாளில் பதினாறு கோழிகளை நரி கொண்டுபோய்விட்டது. முந்தாநாள் அதைத் துரத்தப்போய், பிக்கப் வண்டியிலிருந்து துவக்கோடு குப்புற விழுந்தார். இடது மணிக்கட்டில் இப்போது பிளாஸ்ரர் கட்டு.

“லைசென்ஸ் என்னட்டை இருக்கு. நான் பக்கத்திலை நிண்டால் நீர் சுடலாம், சட்டம் விடும். பயப்பிடாதையும்.”

கிருபன் பயந்தது சட்டத்துக்கு அல்ல. நரி விழுந்துவிடுமோ என்றுதான் பயந்தான்.

அவனுடைய அகதிக் கோரிக்கை வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வருகிறது. வாழ்நாளில் ஆயுதம் தொட்டதில்லை என்று அதில் எழுதிக் கொடுத்திருந்தான். ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், ஒரு வீட்டுப் பேஸ்மென்ற்றில் அவனோடு கூட இருந்தவர்கள் சொல்லிக்கொடுத்த வாசகம் அது. பதினேழு வயதில் பாடசாலை வாசலில் வைத்து இயக்கத்தார் தன்னைப் பிடித்துக்கொண்டு போனதையும், ஏழு மாதம் துவக்குப் பழக்கியதையும், குறி தவறாதவன் என்று அங்கே பெயர் எடுத்ததையும் அவன் ஒருவரிடமும் சொன்னதில்லை.

அந்த வாசகம் உண்மை என்று நாளைக் காலை சத்தியக் கடதாசியில் ஒப்பமிட இருப்பவர் அமிர்தநாதர். மன்னாரில் கிருபனின் தகப்பனோடு ஒரே பங்குக் கோயிலில் பாடியவர். வேதப்புத்தகத்தில் கைவைத்துவிட்டால் தன் பிள்ளைக்காகவும் பொய் சொல்லாத மனிதர். அந்தக் கடதாசி இல்லையென்றால் வழக்கு நிற்காது என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவர் துவக்கை நீட்டும்போது மாட்டேன் என்றால், ஏன் என்று கேட்பார்.

“அங்கிள், எந்தக் கண்ணை மூடுறது?”

“நான் இடதை மூடுறனான். நீர் விரும்பினதை மூடும். ரெண்டையும் மூடிப்போடாதையும்.” அமிர்தநாதர் குரலைத் தாழ்த்திச் சிரித்தார். “என்ரை மனிசி கிளடிஸ் என்ன சொன்னவ தெரியுமே? நீர் துவக்குப் பிடிக்கிறதைக் கண்டால் நரி சிரிச்சே செத்துப்போகுமாம்.”

கிருபனும் சிரித்து வைத்தான். துவக்கின் கட்டையைத் தோளில் பொருத்தாமல், வேண்டுமென்றே புஜத்தில் வைத்தான். நோகும் என்று தெரிந்தே வைத்தான்.

அறுவடை முடிந்த சோளத் தோட்டத்தை அமிர்தநாதரின் சிவப்பு ரோர்ச் வெளிச்சம் மெதுவாகத் தடவிக்கொண்டு போனது. கோழிக்கூட்டுக்கு அப்பால் சட்டென்று நின்றது. இரண்டு கண்கள் தணல் போல எரிந்தன.

“நிக்குது,” என்றார் காதோடு. “நேரா எங்களைத்தான் பாக்குது. பின்னாலை மண்மேடு, ஆக்கள் ஒருத்தரும் இல்லை. ஆறுதலா அமத்தும்.”

ஸ்கோப்பின் குறுக்குக்கோடு தானாகவே போய் நரியின் நெற்றியில் நின்றது. இத்தனை வருடம் கழிந்தும் கை எதையும் மறந்திருக்கவில்லை. அதுதான் அவனை உலுக்கியது.

குறியை மெல்ல இடப்பக்கம் நகர்த்தினான். ஒரு சாண். அங்கே வெறும் இருட்டு. சன்னம் மண்மேட்டில் புதையும், நரி ஓடிவிடும், அமிர்தநாதர் விடியும் வரை பகிடி பண்ணுவார். நாளைக் காலை ஒப்பமிடுவார். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, அமத்தினான்.

வெடியோசை தோட்டம் முழுவதும் உருண்டு ஓய்ந்தது. எரிந்துகொண்டிருந்த இரண்டு கண்களும் அணைந்தன.

கிருபனால் நம்ப முடியவில்லை. இருவரும் சோளத் தட்டைகளை மிதித்துக்கொண்டு நடந்தார்கள். நரி கிடந்தது. இரண்டு கண்களுக்கும் நடுவே, அளந்து வைத்தது போல ஒரே ஒரு துளை.

“லக்தான், அங்கிள்,” என்றான் கிருபன்.

அமிர்தநாதர் சிரிக்கவில்லை. “எங்கை குறி பிடிச்சனீர்?”

“நேரா நெத்தியிலைதான்.”

அவர் குனிந்து நரியின் நெற்றித் துளையில் ஒரு விரலை வைத்துப் பார்த்தார். பிறகு ரோர்ச்சை அணைத்தார்.

“பக்கத்துப் பண்ணைக்காரன் நேற்று உதாலை தகரத்துக்கு அடிச்சுப் பாத்தவன், தம்பி. நான் விழுந்ததிலை ஸ்கோப் விலகி, ஒரு சாண் வலப்பக்கம் போகுது. நேராப் பிடிச்சிருந்தால் உதிலை பட்டிராது; அளந்து ஒரு சாண் இடப்பக்கம் பிடிக்கப் பழகின கை வேணும். சத்தத்துக்கு நரி ஓடட்டும் எண்டுதான் உம்மட்டைத் தந்தனான்.”

அன்றிரவு வரை போனவை: ஊர்க்கோழி பதினாறு, நரி ஒன்று, சன்னம் ஒன்று, அமிர்தநாதரின் ஒப்பம் ஒன்று.